வாசகர் கேள்வி – பதில்: வன்முறைப் படங்களில் நம்மைப் பிடித்து நிறுத்துவது எது?

சென்ற இதழில், அண்மைக்காலத் தமிழ்ச் சண்டைப் படங்களில் பெரும்பாலானவை மனத்தில் நிற்பதில்லை என்று எழுதியிருந்தேன். அதையொட்டி, தென்னாப்பிரிக்காவில் நம் நேட்டால் பகுதி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஒரு படத்தில் நூறு பேர் வெட்டுப்பட்டு விழுகிறார்கள், கொட்டாவி வருகிறது. இன்னொரு படத்தில் ஒரே ஒருவர் சாகிறார். இரவு தூக்கம் போய்விடுகிறது. ஏன் இப்படி? – சாட்ஸ்வர்த் வாசகர்

இந்தக் கேள்விக்கு, திரைப்படம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இளங்கோவடிகள் விடை எழுதி வைத்திருக்கிறார். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை எடுத்துப் படித்துப் பாருங்கள். கோவலனைக் கொல்ல வந்த காவலர்கள், இவன் முகத்தைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லனோ அவர்களை உள்ளூர எள்ளி நகைத்தபடி, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டையும் துணைக்கொண்டு களவு செய்பவர்களை நீங்கள் அறியமாட்டீர்கள் என்று பாடம் நடத்துகிறான். பேச்சு நீள்கிறது. கோவலன் தப்பிவிடுவானோ என்ற நம்பிக்கை நமக்குள் துளிர்க்கும் வேளையில், அந்தப் பேச்சு எதையும் பொருட்படுத்தாத "கல்லாக் களிமகன் ஒருவன்" வாளை வீசிவிடுகிறான். வாள் இறங்குவதற்கு ஓரிரண்டு அடிகள் போதுமானவையாக இருக்கின்றன. கண்ணகியின் அழுகைக்கும் வழக்குரைத்தலுக்கும் மதுரை எரிவதற்கும்தான் காதை காதையாக இடம் தரப்படுகிறது.

நல்ல வன்முறைப் படங்கள் எல்லாம் ஏறக்குறைய இந்த அளவையே பின்பற்றுகின்றன: அடிக்கு முன்னால் நிறைய நேரம், அடிக்குக் கொஞ்ச நேரம், அடிக்குப் பின்னால் மீண்டும் நிறைய நேரம். 1987இல் வெளியான 'நாயகன்' படத்தில் வேலு, தன்னை வளர்த்தவரைக் கொன்ற காவல் ஆய்வாளரைப் பழிவாங்குகிறார். பல படங்கள் அந்த இடத்தில் கைதட்டலை வாங்கிக்கொண்டு அடுத்த காட்சிக்குப் போய்விடும். இந்தப் படமோ, இறந்தவருக்கு ஒரு மனைவியும் மனவளர்ச்சி குன்றிய ஒரு மகனும் இருப்பதை வேலுவுக்கும் நமக்கும் காட்டுகிறது. வேலு அந்தக் குடும்பத்துக்கு உதவுகிறார். ஆனாலும் கணக்கு தீர்வதில்லை. ஆண்டுகள் பல கழிந்த பின், நீதிமன்றத்திலிருந்து விடுதலையாகி வெளியே வரும் அவரைச் சுட்டு வீழ்த்துபவன் அந்த மகன்தான். நூறு பேர் விழும் படத்தில் விழுகிறவர் எவருக்கும் பெயரில்லை, வீடில்லை, அழ ஆளில்லை. அங்கே நாம் எதற்காகப் பதறுவது?

'கைதி' படத்தை இரண்டாம் முறை பார்த்தபோதும் அதே படபடப்பு. முடிவு தெரிந்த பின்னும் ஏன் பதற்றம் குறையவில்லை? – ஐசிபிங்கோ வாசகர்

1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் தெருக்கூத்தையும் உடன் கொண்டு வந்தார்கள். அபிமன்யு கதை நடக்கும் இரவில் கூடியிருந்த ஒவ்வொருவருக்கும் அவன் சாவான் என்பது தெரியும். வியூகத்துக்குள் நுழையத் தெரிந்த பிள்ளைக்கு வெளியேறத் தெரியாது என்பதும் தெரியும். தெரிந்ததனால்தான் அவன் உள்ளே காலெடுத்து வைக்கும் நேரத்தில் நெஞ்சு அடைக்கிறது. என்ன நடக்கும் என்ற ஆவல் ஒருமுறையோடு தீர்ந்துவிடும். இவனுக்கு இப்படி நடக்கிறதே என்ற தவிப்பு தீராது.

2019இல் வந்த 'கைதி'யில் பாட்டுமில்லை, கதாநாயகியும் இல்லை. கதை முழுவதும் ஒரே இரவில் நடக்கிறது. சிறையிலிருந்து வந்த டில்லி, தான் பிறந்ததிலிருந்து பார்த்தேயிராத மகளைப் பார்க்கப் போகிறவன். மயங்கிக் கிடக்கும் காவல் அதிகாரிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு அவன் ஓட்டும் ஒவ்வொரு மைலிலும், காத்திருக்கும் அந்தக் குழந்தை நம் நினைவில் இருக்கிறாள். சண்டை தொடங்கும் முன் அவன் பிரியாணியை அள்ளியள்ளிச் சாப்பிடும் நிதானம் படத்தின் மிகச் சிறந்த தருணங்களில் ஒன்று என்பது என் கருத்து. பல ஆண்டுகள் சிறைச்சோறு தின்றவனின் பசியை அவ்வளவு நேரம் பொறுமையாகக் காட்டியதால்தான், பிறகு அவன் வாங்கும் அடி நமக்கு வலிக்கிறது.

எங்கள் தெருவில் ஜன்னலுக்குக் கம்பி, கதவுக்கு இரட்டைப் பூட்டு, இரவில் அலாரம். இப்படி வாழ்ந்துகொண்டே, வெள்ளிக்கிழமை இரவானால் வீட்டில் துப்பாக்கிப் படம் பார்க்கிறார்கள். இது சரியா? – பீனிக்ஸ் வாசகி

உங்கள் மனக்குறை நியாயமானது, அம்மா. ஆயினும் அவர்கள் தேடுவது இரத்தத்தை என்று நான் நினைக்கவில்லை. நிஜமான கொள்ளை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. வந்தவன் யார், ஏன் நம் வீட்டைத் தேர்ந்தான், இப்போது எங்கே இருக்கிறான் என்பதெல்லாம் பெரும்பாலும் தெரியாமலே போய்விடுகிறது. அந்தத் தெரியாமையே நாள்பட்ட பயமாக மனத்தில் தங்குகிறது. நல்ல குற்றப் படம் அந்த மறைந்திருக்கும் பகுதியைத் திறந்து காட்டுகிறது.

நம் நாட்டுப் படமான 'சோட்சி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005இல் கேவின் ஹூட் இயக்கி, அடுத்த ஆண்டு சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற படம் அது. தொடக்கத்தில், நெரிசலான ரயிலில் நால்வர் ஒரு முதியவரைச் சூழ்ந்துகொள்கிறார்கள். கூச்சல் இல்லை; கூரிய கம்பி ஒன்று சத்தமில்லாமல் உள்ளே இறங்குகிறது; சுற்றி நிற்கும் பயணிகளுக்கு எதுவும் தெரிவதில்லை; நெரிசல் கலைந்த பிறகுதான் உடல் சரிகிறது. ஜோகன்னஸ்பர்க் ரயிலில் போனவர் எவரும் அந்த நெரிசலை உடம்பால் அறிவார்கள், ஆகையால் அந்தக் காட்சி நம் ஊரில் இன்னும் ஆழமாகப் பாய்கிறது. அதன் பின், அந்தக் கூட்டத்தின் தலைவன் ஒரு பெண்ணைச் சுட்டுவிட்டுக் காரைக் கடத்திச் செல்கையில் பின்னிருக்கையில் கைக்குழந்தை இருப்பதைக் காண்கிறான். அவனை மன்னித்துவிடுங்கள் என்று படம் நம்மிடம் கெஞ்சவில்லை. அவனும் ஒரு வீட்டில் குழந்தையாக இருந்தவன் என்பதைப் பார்க்க வைக்கிறது.

அண்மையில் அப்படிப்பட்ட துன்பத்துக்கு நேரடியாக ஆளானவர் வீட்டில் இருந்தால், இந்தப் படங்களை அவர் எதிரில் ஓட விடாதீர்கள். கலையின் பெயரால் எவரையும் வற்புறுத்தக் கூடாது.

புதிய படங்களில் சண்டை மிக வேகமாக இருக்கிறது, ஆனால் யார் யாரை அடிக்கிறார் என்றே புரிவதில்லை. குறை என் கண்ணிலா, படத்திலா? – டொங்காட் வாசகர்

பெரும்பாலும் படத்தில்தான். அடி விழுவதற்கு முன்பே காட்சியை வெட்டி, அடுத்த கோணத்துக்குத் தாவி, கேமராவையும் ஆட்டிவிட்டால், நடிகருக்குச் சண்டை தெரியாததை மறைத்துவிடலாம். ஆனால் கதவு எங்கே இருக்கிறது, எதிரி எத்தனை அடி தள்ளி நிற்கிறான், ஓட வழி உண்டா என்பதைப் பார்வையாளர் அறியாவிட்டால் ஆபத்தின் அளவும் அவருக்குத் தெரியாது.

2003இல் வந்த தென்கொரியப் படமான 'ஓல்ட்பாய்' இதற்கு நேர்மாறான வழியைக் காட்டியது. நீண்ட நடைவழியில் ஒற்றை மனிதன் கையில் சுத்தியலோடு ஒரு கும்பலை எதிர்கொள்கிறான்; கேமரா பக்கவாட்டில் விலகி நின்று, காட்சியை எங்கும் வெட்டாமல் அவனோடு நகர்கிறது. அவன் களைக்கிறான், மூச்சு வாங்குகிறான், குனிந்து நிற்கிறான். எதிரிகளும் களைத்துச் சுவரோரம் தள்ளாடுகிறார்கள். மனிதர் களைப்பார்கள் என்ற எளிய உண்மையை எத்தனை சண்டைக் காட்சிகள் மறந்துவிடுகின்றன!

அதற்காகக் காட்சியை வெட்டவே கூடாது என்று பொருளில்லை. 1960இல் ஹிட்ச்காக் எடுத்த 'சைக்கோ'வின் குளியலறைக் கொலை, 78 கோணங்களில் 7 நாள் படமாக்கப்பட்டு 52 காட்சி வெட்டுகளால் தொகுக்கப்பட்டது. இரத்தமாகக் காட்டப்பட்டது சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் அதுவே போதுமானதாக இருந்தது. கத்தி உடலில் புதைவதை நாம் பார்ப்பதாக நினைக்கிறோமே தவிர, பெரும்பகுதியை நம் மனமே இட்டு நிரப்புகிறது. அங்கே ஒவ்வொரு வெட்டும் அந்தப் பெண்ணின் திகைப்பை நமக்குக் கடத்துகிறது.

வில்லன் பலசாலியாக இருந்தால் போதாதா? – வெருலம் வாசகர்

போதாது. அவனுக்கும் ஒரு நியாயம் இருக்க வேண்டும், அவனை வெல்வதால் நாயகன் எதையாவது இழக்கவும் வேண்டும். 'தேவர் மகன்' படத்தின் முடிவில் வில்லன் மாயன் வெட்டுப்படும்போது நாயகன் சக்தி வெற்றி பெறவில்லை. எந்த வாழ்க்கையை விட்டு விலக விரும்பினானோ அதே வாழ்க்கைக்குள் விழுந்துவிடுகிறான். படித்து, வெளிநாடு கண்டு வந்தவன் சிறைக்குப் புறப்படுகிறான்.

'விசாரணை'யைப் பாதிக்கு மேல் பார்க்க முடியாமல் எழுந்துவிட்டேன். அப்படிப்பட்ட படத்தை நல்ல படம் என்பது எப்படி? – உம்லாங்கா வாசகி

எழுந்ததில் தவறில்லை. வெற்றிமாறனின் அந்தப் படம், குண்டூரில் பிழைக்கப் போன தமிழ்த் தொழிலாளர்கள் செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளும்படி காவல் நிலையத்தில் அடிக்கப்படுவதைச் சொல்கிறது. அதற்கு அடிப்படையான 'லாக்கப்' நூலை எழுதிய மு. சந்திரகுமார் அந்த அடியைத் தன் உடலில் வாங்கியவர். ஆகவே அங்கே அடியில் அழகு சேர்க்க இயக்குநர் மறுத்துவிட்டார். அடிப்பவர்களுக்கு அது அன்றாட அலுவல். வழக்கை முடிக்க வேண்டும், மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நம்மை உலுக்குவது தடியைவிட அந்த அலுவல் முகம் என்றே நான் கருதுகிறேன். மற்றப் படங்கள் தரும் விறுவிறுப்பை இதில் எதிர்பார்த்தால் ஏமாற்றமே கிடைக்கும். பகல் நேரத்தில், துணைக்கு ஒருவரோடு, மீதியைப் பார்க்க முயலுங்கள். இரண்டாம் பாதியில் காவல்துறைக்குள்ளேயே வேட்டை தொடங்குகிறது.

எங்கள் கோயில் இளைஞர் குழு மாதம் ஒரு படம் திரையிட விரும்புகிறது. எதிலிருந்து தொடங்கலாம்? – பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

'கைதி'யில் தொடங்கி, அடுத்த மாதம் 'நாயகன்', அதற்கடுத்து 'சோட்சி' என்று வைத்துக்கொள்ளுங்கள். 'விசாரணை'யைப் பெரியவர்களுக்கு மட்டும் தனியாகத் திரையிடலாம். ஒவ்வொன்றுக்கும் முன்னதாக, நம் நாட்டுத் தணிக்கை வாரியம் கொடுத்துள்ள வயது வரம்பையும், அதன் அருகில் வன்முறையைக் குறிக்கும் 'வி' (V) என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்பதையும் பார்த்து, பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். படம் முடிந்ததும் அரைமணி நேரம் பேச ஒதுக்குங்கள். எந்தச் சண்டை பிடித்தது என்று கேட்பதற்குப் பதிலாக, யாருக்காகப் பயந்தீர்கள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.