கனவுப்பொறி யாருடையது? – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

வான்கூவர் அருகே, அரசுப் பராமரிப்பில் இருக்கும் பதின்வயதினருக்கான இல்லத்தில் வேலை செய்கிறேன். பாதிக்கு மேல் பூர்வகுடிப் பிள்ளைகள். அவர்களுக்காக எட்டு வாரக் கலைப்பட்டறை வைத்தோம். முதலில் கனவுப்பொறி (வளையத்துக்குள் நூல் வலை கட்டி இறகு தொங்கவிடுவது) பின்னுவது, பிறகு அட்டையில் குலக்குறிக் கம்பம் (குடும்பச் சின்னங்களைச் செதுக்கிய மரத்தூண், ‘டோட்டம்’) செய்வது. மூன்றாம் வாரத்திலேயே கூட்டம் பாதியாகிவிட்டது. ஒரு பெண், “இது எங்களோடதே இல்ல” என்று எழுந்து போனாள். இங்கே பூர்வகுடியினரின் கனூப் பயணம் (ஒரே மரத்தைக் குடைந்து செய்த நீண்ட ஓடத்தில் கடல்வழியே ஊர் ஊராகப் போவது) பல பிள்ளைகளைக் குடியிலிருந்து மீட்டிருப்பதாகச் சொல்கிறார்கள். மரத்தைச் செதுக்கினால் மனம் எப்படி ஆறும்? நாங்கள் எங்கே தவறினோம்?

க., பர்னபி

அன்புள்ள க.,

அந்தப் பெண் சொன்னது சரி. கனவுப்பொறி ராக்கி மலைக்கு அந்தப் பக்கம், பெரிய ஏரிகளைச் சுற்றி வாழும் ஒஜிப்வே மக்களுடையது. கம்பம் மேற்குக் கரையுடையதுதான். ஆனால் அதிலுள்ள ஓநாயும் கழுகும் திமிங்கிலமும் வெறும் அலங்காரம் அல்ல. இன்ன குடும்பத்துக்கு இன்னது என்று விருந்து கூட்டி, சாட்சிகள் முன் நிலைநாட்டிய உரிமை அது. உரிமையில்லாத சின்னத்தை ஒட்டச் சொன்னால் விவரம் தெரிந்த பிள்ளை கூசிப்போகும். தெரியாத பிள்ளையின் நிலைமை இன்னும் மோசம். வீட்டைப் பிரிந்து வளரும் ஒருத்தியிடம் “உன் குலக்குறி என்ன?” என்று கேட்பது அவளுக்குப் பரீட்சை, அதுவும் பாடமே நடத்தாத பரீட்சை.

கனூவுக்கு வருவோம். (அதைப் ‘படகு’ என்று சொன்னால் தண்ணீரில் குதிக்க வேண்டும் என்பது பயணத்தில் பாதி விளையாட்டு, பாதி சட்டம். துடுப்பு போடுவதையும் பயணிகள் ‘இழுப்பது’ என்றுதான் சொல்வார்கள். நம் ‘துடுப்பு வலித்தல்’ போலவே.)

பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடலோர ஊரான பெல்லா பெல்லாவின் ஹெய்ல்ட்சுக் இனத்தைச் சேர்ந்த ஃபிராங்க் பிரவுன் பதின்வயதில் கொள்ளை வழக்கில் சிக்கினார். சிறைக்கு அனுப்பாமல் எங்கள் வழக்கப்படி ஆளில்லாத் தீவில் வைக்கிறோம் என்று குடும்பத்தார் கேட்க, நீதிபதி ஒப்புக்கொண்டார். எட்டு மாதம் தீவு. பின்னாளில் அவரே விருந்து வைத்து, ஊர் அறிய அந்த அவமானத்தைக் கழுவிக்கொண்டார். கனடா அரசு 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்தது இந்த வகை விருந்தைத்தான். 1986இல் அவர் முன்னின்று செய்த கனூ வான்கூவர் உலகக் கண்காட்சிக்கு வந்தது. 1989இல் க்வினால்ட் இனத்து எம்மெட் ஆலிவரின் முயற்சியில் சியாட்டிலுக்குக் கனூக்கள் திரண்டன. அங்கே பிரவுன் விடுத்த அழைப்பை ஏற்று 1993இல் எல்லோரும் பெல்லா பெல்லாவுக்குப் போனார்கள். இன்று நடக்கும் பயணங்களின் வேர் இதுதான்.

இனி மரம். சிவப்பு செடார், நடுவில் அழுகலும் முறுக்கும் இல்லாத பெரிய மரமாக வேண்டும். வெளிப்பக்கம் உருவானதும் வெளியிலிருந்து துளையிட்டு, அளவாக நறுக்கிய முளைகளை அடிப்பார்கள். உள்ளே வாய்ச்சியால் குடைந்து வரும்போது முளையின் நுனி தெரிந்தால் அங்கே நிறுத்திவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்சம்’ என்று ஆசைப்பட்டவன் கனூவையே கெடுப்பான். பிறகு ஆவி. உள்ளே தண்ணீர் ஊற்றி, தீயில் பழுத்த கற்களை இடுக்கியால் எடுத்துப் போட்டு, மேலே மூடிவிடுவார்கள். ஆற்றுக்கல்லைப் போட்டால் உள்ளே இருக்கும் ஈரம் வெடிக்கும், எரிமலைக்கல் நல்லது. பல மணி நேரம் கல் ஆறாமல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மரம் இளகியதும் பக்கங்களை மெல்ல விரித்துக் குறுக்குக்கட்டைகளைச் செருகுவார்கள். விரியும்போது நடு விளிம்பு இறங்கும், அணியம் (முன்முனை) தூக்கும். அதை எண்ணி முன்கூட்டியே நடுவை உயர்த்திச் செதுக்கியிருக்க வேண்டும். கனம் ஒரே சீராக இல்லாவிட்டால் விரிக்கும்போதே பிளக்கும்.

உங்கள் கேள்விக்கான பதில் இந்த வேலையிலேயே இருக்கிறது. கல் மாற்ற ஆள் வராவிட்டால் கனூ போயிற்று. பதினைந்து வயதுப் பையனைப் பார்த்து “நீ வராவிட்டால் நடக்காது” என்று ஓர் ஊர் சொல்கிறது. அட்டைக் கம்பத்துக்கு அப்படி யாரும் தேவையில்லை. அவன் செய்யாவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை, அது அவனுக்கே தெரியும். வாய்ச்சி பிடிக்கும்போது கண் மரத்தில் இருக்கும். ஆலோசகரின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தால் வராத பேச்சு அப்போது பக்கவாட்டில் வரும். கூட வேலை செய்யும் பெரியவர் பதில் சொல்லாமலும் இருக்கலாம்.

பயணத்தில் மதுவும் போதையும் கூடாது. தண்ணீருக்கு அஞ்சுகிறவர் கரைக்குழுவில் கூடாரம் போடுவார், சமைப்பார், அவரும் பயணிதான். ஒவ்வொரு ஊரிலும் கரைக்குச் சற்று முன்பே நின்று, துடுப்பைத் தூக்கிப் பிடித்து, தாங்கள் யார், எங்கிருந்து வருகிறோம் என்று சொல்லி இறங்க அனுமதி கேட்பார்கள். பல கனூக்களில் இளையவரைத்தான் பேச வைப்பார்கள், முடிந்தால் தாய்மொழியில். பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து அடைத்த உறைவிடப் பள்ளிகள் அடித்துப் பிடுங்கிய மொழி அது. ஆபத்தும் இருக்கிறது. 2006இல் ஹுவான் டி ஃபூகா நீரிணையில் கனூ கவிழ்ந்து ஒரு குலத்தலைவர் இறந்தார். உயிர்காப்பு அங்கி, துணைப்படகு, குளிர்நீர்ப் பயிற்சி இல்லாமல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

ஆனால் கலையே மருந்து என்று நம்பிவிட வேண்டாம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிட்டத்தட்ட 200 பூர்வகுடிச் சமூகங்களை ஆராய்ந்து உளவியலாளர்கள் சாண்ட்லரும் லாலோண்டும் 1998இல் வெளியிட்ட கட்டுரை ஆறு விஷயங்களைப் பார்த்தது: சுயாட்சி, நில உரிமைப் போராட்டம், பள்ளி, மருத்துவம், காவல்-தீயணைப்பு, பண்பாட்டுக் கூடம். ஆறும் இருந்த இடங்களில் அவர்கள் கணக்கிட்ட ஐந்தாண்டில் ஓர் இளைஞர்கூடத் தற்கொலை செய்துகொள்ளவில்லை. ஒன்றுமே இல்லாத இடங்களில் விகிதம் மிகக் கடுமை. பண்பாட்டுக் கூடம் ஆறில் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். மற்ற ஐந்தும் சாவி யார் கையில் என்ற கேள்வி. சுக்வாமிஷ், போர்ட் கேம்பிள் ஸ்க்லாலம் மக்களோடு வாஷிங்டன் பல்கலைக்கழகம் கனூவை உவமையாக வைத்துப் பாடத்திட்டம் எழுதியபோதும், எது பிரச்சினை என்பதை முதலில் சமூகமே சொன்னது.

உங்களால் கனூ செய்ய முடியாது, முயலவும் வேண்டாம். முதலில் ஒவ்வொரு பிள்ளையும் எந்த இனம் என்று கேளுங்கள். பர்னபியில் க்ரீ பிள்ளையும் இருக்கும், ஹைடா பிள்ளையும் இருக்கும். நீங்கள் இருக்கும் நிலம் மஸ்குவீம், ஸ்குவாமிஷ், ட்ஸ்லெய்ல்-வாட்டுத் மக்களுடையது. அவர்களிடமும், நகரில் வாழும் பூர்வகுடியினருக்கான நட்பு மையத்திலும் போய், “எங்கள் பிள்ளைகள் உங்களுக்கு என்ன வேலை செய்யலாம்?” என்று கேளுங்கள். “எங்களுக்கு வந்து கற்றுக்கொடுங்கள்” என்று ஆரம்பிக்காதீர்கள். துடுப்பு செதுக்குபவர் கிடைத்தால் மஞ்சள் செடார் பலகை, ஆளுக்கொன்று, ஏறக்குறைய தாடை உயரம். கைப்பிடியை அவசரத்தில் மெலிதாக்கினால் கடலில் முறியும். வருகிற பெரியவருக்கு உங்கள் ஆலோசகருக்குக் கொடுக்கும் ஊதியத்தையே கொடுங்கள். சாப்பாட்டோடும் போக்குவரத்துச் செலவோடும் முடித்துவிடாதீர்கள். எட்டு வாரத்தை ஓராண்டாக்குங்கள்.

செடார் பட்டை வேலைக்கு அழைத்தால் இன்னும் நல்லது. வசந்தத்தின் கடைசியில் சாறு ஏறும்போதுதான் பட்டை உரியும். ஒரு மரத்தில் இரண்டு கை அகலத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, எடுத்தால் மரம் சாகக்கூடும். உள்பட்டையை நன்றாகக் காய வைத்துக் கட்டுங்கள். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடிக்கும். பின்னுவது அடுத்த ஆண்டுதான். அந்தப் பெண் அதுவரை அங்கேயே இருக்க இல்லம் ஏற்பாடு செய்யுமா என்பதை இப்போதே கேட்டுவையுங்கள்.