கள்ளிமுளையானுக்கு மருந்து வேண்டாம், வெட்டுவாய் காயட்டும்

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் பத்து சென்ட் கரிசலில் கள்ளிமுளையான் என்ற சதைப்பற்றுள்ள மூலிகைச் செடியை நட்டேன். தண்டு தந்த வியாபாரி, வளர்ந்ததும் தானே விலைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஒன்றரை மாதத்தில் பாதிச் செடிகள் அடி கறுத்துச் சாய்ந்துவிட்டன. தினமும் சொட்டுநீர் விடுகிறேன். உரக்கடையில் தந்த பூஞ்சணக்கொல்லியை இருமுறை ஊற்றியும் அழுகல் நிற்கவில்லை. வேறு என்ன மருந்து ஊற்றலாம் ஐயா?

பதில்: எதுவும் ஊற்றாதீர்கள் தம்பி. முதலில் சொட்டுநீரை மூடுங்கள். சாய்ந்த தண்டை அடியிலிருந்து அங்குலம் அங்குலமாக நறுக்கிக்கொண்டே மேலே போங்கள். உள்ளே பழுப்பு தெரிகிற இடம்வரை அழுகல் ஏறியிருக்கிறது. சுத்தப் பச்சை தெரிகிற இடத்துக்கு மேலே உள்ளதுதான் இனி உங்கள் நாற்று.

அதை அன்றே நட்டுவிடாதீர்கள். நான் எல்லோரிடமும் மன்றாடுவது இந்த ஒன்றைத்தான். நிழலில், காற்று படும் இடத்தில், சாக்கின் மேல் பரப்பி ஒரு வாரம் காயவிடுங்கள். வெட்டுவாய் சுருங்கி, நகத்தால் சுரண்டினால் ஈரம் ஒட்டாத கெட்டித் தோல் கட்டியிருக்கும். அதன் பிறகு நட்டால் அழுகல் எளிதில் நுழையாது. பச்சை வெட்டோடு ஈரக் கரிசலில் செருகுவது திறந்த புண்ணைச் சேற்றில் வைப்பதற்குச் சமம். மண் என்ன, தண்ணீர் எவ்வளவு என்று கேட்காமல் மருந்தை எடுத்து நீட்டுகிற கடையில் நான் கால் வைப்பதில்லை. நீங்களும் வைக்காதீர்கள்.

இந்தச் செடி குன்றில் எங்கே நிற்கிறது? பாறை இடுக்கில், முட்புதரின் அரைநிழலில். நான்கு பட்டைத் தண்டுதான் அதன் தண்ணீர்த் தொட்டி. கரிசலோ ஈரத்தை விடாமல் பிடித்துவைக்கிற மண். சரளையும் மணலும் கொட்டி ஒரு முழ உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுங்கள். மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர். தொழுவுரம் வேண்டவே வேண்டாம்.

நீங்கள் கேட்காதது ஒன்று. அந்தத் தண்டு எங்கிருந்து வந்தது? வியாபாரி தன் நாற்றங்காலைக் காட்டாவிட்டால், குன்றில் பிடுங்கியது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உடல் எடைக் குறைப்பு மாத்திரைகளில் இதன் சாரம் சேர்கிறது என்பதைக் காட்டித்தான் ஆசை ஊட்டுகிறார்கள். கொள்முதல் விலையைத் தாளில் எழுதி வாங்கினீர்களா? செலவில்லாமல் பிடுங்கி வரும் சரக்கோடு உங்கள் பாத்திச் சரக்கு விலையில் நிற்காது. அவரிடம் மறுபடி தண்டு வாங்காதீர்கள்.

பிழைத்தவை பூக்கட்டும். ஈக்கள் வந்து போன பிறகு கொம்பு போல இரட்டைக் காய் வரும். வெடிக்குமுன் மெல்லிய துணிப்பை கட்டுங்கள். இல்லையென்றால் எருக்கம் விதைபோலப் பஞ்சோடு பறந்துவிடும். அந்த விதையை மணல் தட்டில் தூவி வளர்த்துப் பாருங்கள்.