குமரி மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு இருக்கும் நிழல் தாங்கல், கோயிலா? சங்கக் கட்டடமா?

கேள்வி கேட்டவர் ஃப்ரீமேசன்கள் என்ற சகோதரச் சங்கத்தினர் கூடும் லாட்ஜ் கட்டடங்களைப் பற்றி எங்கோ படித்திருக்கிறார். அதுபோல ஒரு சகோதரக் கூட்டம் தெருவில் கட்டி வைத்த கட்டடம் நம் பக்கம் உண்டா, தாங்கலை அப்படிச் சொல்லலாமா என்பது அவர் சந்தேகம். கன்னியாகுமரியில் லாட்ஜ் என்றால் விடியற்காலை ஐந்து மணிக்குக் கதவைத் தட்டி, சூரிய உதயம் பார்க்க எழுப்பிவிடுகிற இடம். அதை விடுவோம். அவர் கேட்ட பொருளில் எனக்குத் தெரிந்த கட்டடம் தாங்கல்தான், அதாவது அய்யா வைகுண்டர் வழியில் நடப்பவர்கள் தங்கள் ஊரில் கூடுகிற சிறு கட்டடம்.

நான் நாகர்கோவில்காரன். எங்கள் தெருமுனையில் ஒரு தாங்கல் உண்டு. வெளியூர்க்காரர்களிடம் 'அய்யா கோயில்' என்று சொல்வோம். என் பாட்டாவுக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. "கோயில் இல்ல மக்கா, தாங்கல்" என்று திருத்துவார். கோயில் என்றால் உள்ளே ஒரு சாமி இருக்கும், வெளியே நிற்க ஓர் எல்லைக்கோடு இருக்கும், தாங்கலில் இரண்டும் கிடையாது என்பது அவர் கட்சி.

அவர் சொன்னதன் அர்த்தம் புரிய, குமரிப் பகுதி அப்போது சேர்ந்திருந்த திருவிதாங்கூரைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். தாழ்த்தி வைக்கப்பட்ட சாதியார் குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, தலைப்பாகை கட்டக்கூடாது, ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டக்கூடாது. பெண்கள் மாரை மறைக்கக்கூடாது. இதற்கெல்லாம் மேலே தலைவரி வேறு. தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859 ஜூலை 26 அன்றுதான் மேலாடைக்கு அனுமதி தரும் அரச அறிவிப்பு வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது என்று ஒரு கொக்கி வைத்திருந்தார்கள்.

அந்த அறிவிப்புக்கு முன்பே, கன்னியாகுமரி பக்கத்துச் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) வேலையைத் தொடங்கிவிட்டார். அரசு அவரைப் பிடித்துத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் அடைத்தும் வைத்தது. அவர் வெட்டிய முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாகத் தண்ணீர் எடுத்தார்கள், குளித்தார்கள். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பெயர் சமத்துவ சங்கம். எல்லாரும் தினமும் சாமித்தோப்புக்கு நடக்க முடியுமா? அதனால் அவரவர் ஊரிலேயே கூடுவதற்குக் கட்டியவைதான் தாங்கல்கள். அகஸ்தீஸ்வரம், பாலூர், சுண்டவிளை, வடலிவிளை, செட்டிக்குடியிருப்பு, கடம்பன்குளம், பாம்பன்குளம் என்று ஏழு தாங்கல்கள் அய்யா காலத்திலேயே வந்தவை என்பது வழிவழியாகச் சொல்வது. அதில் வடலிவிளை இன்றைக்கு நாகர்கோவிலுக்குள்ளேயே இருக்கிறது.

குடை பிடிக்க உரிமை இல்லாதவர்கள் தாங்கள் கட்டிய கட்டடத்துக்கு 'நிழல்' என்று பெயர் வைத்தார்கள் பாருங்கள். இது நானாக நினைத்துக்கொள்வது. பெயருக்கு வேறு விளக்கம் சொல்பவர்களும் உண்டு.

எங்கள் தாங்கல் அவ்வளவு பழையதல்ல. பாட்டா சிறு வயதில் பார்த்தது பனையோலைக் கூரை, மண் சுவர், சாணி மெழுகிய தரை. நான் பார்த்தது ஓட்டுக் கூரை. முன்னால் நீளமாக ஒரு திண்ணை. அப்பா முதன்முதலாக மணலில் 'அ' எழுதியது அந்தத் திண்ணையில்தான். உள்ளே, கருவறை போன்ற பள்ளியறையில் ஓர் ஆள் உயர நிலைக்கண்ணாடி, இரண்டு பக்கமும் விளக்கு. வேறு ஒன்றும் இல்லை. ஐந்து வயதில் முதல் தடவை போய் நின்றபோது கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். மூக்கில் சளி வேறு. பாட்டா திட்டவில்லை. "அதத்தான் கும்பிடணும். தலையில துண்டக் கெட்டு" என்றார். சட்டையைக் கழற்றிவிட்டுத் தலைப்பாகையோடு போக வேண்டும் என்பது முறை. தலைப்பாகை கூடாது என்று சொன்ன நாட்டில், தலைப்பாகை இல்லாமல் உள்ளே வராதே என்று சொன்னார்கள்.

ஆனால் எனக்கு அந்தக் கட்டடம் பாதிக்கு மேல் பாத்திர அறைதான். ஓரமாக ஒரு மரப்பெட்டி, அதற்குள் தடிமனான ஒரு நோட்டு. தெருவில் கல்யாணமோ கருமாதியோ, வார்ப்பும் (பெரிய சமையல் பாத்திரம்) பாயும் இங்கிருந்துதான் போகும். 'பெரிய வார்ப்பு 1, பாய் 12, கரண்டி 4' என்று பென்சிலில் எழுதி, திரும்பி வந்ததும் குறுக்கே ஒரு கோடு. கோடு விழாத கரண்டிகள் சில உண்டு, யார் வீடு என்று எல்லாருக்கும் தெரியும். மாசி 20, அய்யா அவதார நாள் வருகிறது என்றால் பத்து நாள் முன்பே வீட்டுக்கு வீடு அரிசி, தேங்காய், பயறு என்று வசூல். திருஏடு வாசிப்பு நடக்கிற நாட்களில், 1841இல் எழுதப்பட்ட எங்கள் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானையை ஒருவர் ராகம் போட்டுப் படிப்பார். நாங்கள் தூங்கிவிழுந்து, இனிமம் கொடுக்கும்போது சரியாக எழுந்துவிடுவோம். பிரசாதத்துக்கு எங்கள் சொல் இனிமம்.

அப்புறம் கான்கிரீட் வந்தது. சாலையை ஒட்டிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று திண்ணையை இடித்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள், பணம் போட்டதில் எங்கள் வீடும் உண்டு. ஆனால் கிரில் கேட்டும் பூட்டும் வந்த பிறகு, பகலில் சும்மா போய் உட்கார ஆளில்லை. ஓடு பிரித்த வாரத்தில் நோட்டும் போய்விட்டது. பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டிருப்பார்கள். தெருவில் யார் எந்த வருடம் கல்யாணம் செய்தார்கள், எத்தனை பாய் விரித்தார்கள் என்ற கணக்கு வேறெங்கும் இல்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். கோயிலா, சங்கமா? பணிவிடை என்கிற அன்றாட வழிபாடு நடக்கிறது, உச்சிப்படிப்பு என்கிற நண்பகல் ஓதல் நடக்கிறது, அந்த வகையில் வழிபாட்டு இடம்தான். ஆனால் 1717இல் லண்டனில் நான்கு லாட்ஜ்கள் சேர்ந்து பெரிய லாட்ஜ் அமைத்தது போல, கூடி இருப்பதற்காகவே உண்டான அமைப்பு என்று பார்த்தால் தாங்கலும் அந்த இனம்தான். அங்கே உறுப்பினர் ஆனால்தான் உள்ளே விடுவார்கள். இங்கே துண்டு இருந்தால் போதும்.

நேரில் பார்க்க விரும்பினால் தமிழ் மாத முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் வாருங்கள். எங்கள் தாங்கலில் அன்று அன்னதர்மம் உண்டு, கேட் திறந்திருக்கும். துண்டு கொண்டுவர மறந்தால் உள்ளே கொடியில் இரண்டு மூன்று தொங்கும். சாப்பிட்ட இலையை மட்டும் நீங்களே எடுத்துப் போட்டுவிடுங்கள்.