தண்ணீர் சுமக்கும் சூடு

அன்புள்ள ஐயா,

கம்ப்யூட்டர் கட்டுவது பற்றி நீங்கள் எழுதியவற்றைத் தேடித் தேடிப் படித்தவன் நான். கோவையில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து கட்டட நிறுவனங்களுக்கு முப்பரிமாணப் படங்கள் செய்துகொடுக்கிறேன். ரைசன் 9 7950எக்ஸ் பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 4080 கிராபிக்ஸ் கார்டு. ராத்திரி ரெண்டர் (வரைந்ததைக் கம்ப்யூட்டர் முழுப் படமாக்கும் வேலை) போட்டுவிட்டுப் படுத்தால் ஃபேன் சத்தத்தில் பக்கத்து அறையில் அம்மாவுக்குத் தூக்கம் வருவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் அந்த அறைக்குள் கால் வைக்க முடியவில்லை. பிராசஸர் 95 டிகிரியிலேயே நிற்கிறது.

முழுக்கத் தண்ணீர் கூலிங்குக்கு மாறிவிடலாம் என்று 70,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். கண்ணாடி மாதிரி வளைத்த குழாய், உள்ளே நீல நிறத் திரவம் என்று மனதில் ஒரு படம் இருக்கிறது. அப்பா முப்பது வருடம் பம்ப்செட் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். "தண்ணியையும் கரண்டையும் ஒரே பொட்டிக்குள்ள வெக்கப் போறியா கண்ணு?" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? நம் ஊர் வெயிலை இது தாங்குமா? சிறுவாணித் தண்ணீரையே ஊற்றலாமா?

அன்புடன்,
ஒரு வாசகன், கோவை

அன்புள்ள தம்பி,

சத்தம், அறைச் சூடு, 95 டிகிரி என்று மூன்று குறைகளை ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள். மூன்றும் ஒன்றல்ல. தண்ணீர் முதலாவதை நன்றாகவே தீர்க்கும். மூன்றாவதைக் கொஞ்சம் குறைக்கும். அறைச் சூட்டை, நீங்கள் நினைத்திருக்கும் அமைப்பில், அது தொடவே தொடாது. பணத்தைச் செலவழிப்பதற்கு முன்னால் இது தெளிவாக வேண்டும் என்பதால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

ரெண்டர் முழு வேகத்தில் ஓடும்போது உங்கள் கார்டு 320 வாட் வரை இழுக்கும், பிராசஸர் 230 வாட் வரை. ஆக 550 வாட். அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். காற்றில் குளிர வைத்தாலும் தண்ணீரில் குளிர வைத்தாலும் அந்த அளவு மாறாது. சில்லின் மேல் உட்காரும் பிளாக் என்ற உலோகக் கட்டையில் தண்ணீர் சூட்டை வாங்கி, பம்ப் தள்ளத் தள்ளக் குழாய் வழியே போய், ஃபேன் வைத்த ரேடியேட்டரில் இறக்கி வைக்கிறது, அவ்வளவுதான். ரேடியேட்டர் அறைக்குள் இருந்தால் அறைக்குள்தான் இறக்கும். ஜன்னலைச் சாத்திய மாடியறையில் விடிய விடிய ஓர் இஸ்திரிப் பெட்டி பாதிச் சூட்டில் கிடப்பது போல.

பிறகு எதற்குத் தண்ணீர் என்றால், சுமக்கும் திறனுக்காக. ஒரு லிட்டர் காற்றும் ஒரு லிட்டர் தண்ணீரும் ஒரு டிகிரி ஏறவேண்டும் என்றால், தண்ணீருக்குக் காற்றைப் போல ஏறக்குறைய 3,500 மடங்கு வெப்பம் தேவை. உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடுகிறது என்று வைத்தால், 550 வாட்டையும் வாங்கிக்கொண்ட பிறகு ஒரு சுற்றில் தண்ணீர் ஏறுவது 2 டிகிரிதான். தண்ணீர் முதலில் பிராசஸருக்குப் போகவேண்டுமா, கார்டுக்குப் போகவேண்டுமா என்று பலர் மல்லுக்கு நிற்பார்கள். அந்த 2 டிகிரியைப் பார்த்த பிறகு அதில் வாதிட ஒன்றுமில்லை. குழாய் எந்த வழியில் சுருக்கமாக, மடங்காமல் போகிறதோ அதுவே சரியான வழி.

அப்படிச் சுமந்து வந்த சூட்டைப் பெரிய பரப்பில் விரிக்கிறோம். கார்டின் மேல் ஒட்டியிருக்கும் மூன்று ஃபேன்கள் அலறிச் செய்யும் வேலையை, இரண்டு 360 மி.மீ. ரேடியேட்டரில் ஆறு ஃபேன்கள் மெதுவாகச் சுற்றிச் செய்துவிடும். சத்தம் குறைவது இதனால்தான். ஒரு 120 மி.மீ. ஃபேன் அளவு ரேடியேட்டருக்கு 100 வாட் என்று நான் கணக்கு வைப்பேன். அதற்கு மேல் ஏற்றினால் ஃபேனை வேகமாக ஓட்ட வேண்டிவரும், பழைய கதைதான்.

இனி அந்த 95 டிகிரி. அதைப் பார்த்துப் பதற வேண்டாம். உங்கள் பிராசஸர் அந்த எல்லைவரை போய், அங்கே நின்று, கிடைக்கும் வேகத்தை எடுத்துக்கொள்ளும்படியே வடிவமைக்கப்பட்டது. அதன் கோர்கள் இருக்கும் சில்லுகள் இரண்டு. ஒவ்வொன்றும் சுமார் 70 சதுர மி.மீ., கட்டைவிரல் நகத்தை விடச் சிறியது. அவ்வளவு சின்ன இடத்திலிருந்து கிளம்பும் சூடு முதலில் மேலே இருக்கும் தடித்த உலோக மூடியைக் கடக்கவேண்டும், பிறகுதான் உங்கள் தண்ணீரைத் தொடும். நெரிசல் வாசலிலேயே இருக்கும்போது வெளியே ரோட்டை அகலப்படுத்தி என்ன ஆகப்போகிறது? கார்டில் நிலைமை வேறு. அதன் சில்லு 379 சதுர மி.மீ., மேலே மூடியும் கிடையாது. செம்பு பிளாக் நேராகச் சில்லின் மேல் உட்காரும். தண்ணீரின் முழுப் பலனும் அங்கேதான் கிடைக்கும். கை இறுக்கமாக இருந்தால் கார்டை மட்டும் தண்ணீருக்கு மாற்றுங்கள், பிராசஸருக்கு நல்ல காற்று கூலர் ஒன்று போதும். பிராசஸரின் மின் அளவை பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) கொஞ்சம் இறக்கி வைத்தால் ரெண்டர் நேரம் சிறிதளவே கூடும், சூடு கணிசமாகக் குறையும். இதற்குக் காசே செலவில்லை. இன்றைக்கே செய்து பாருங்கள்.

அப்பாவுக்கு வருவோம். அவர் கேட்பது நியாயமான கேள்வி. 1980-இல் வந்த ஐபிஎம் 3081 தண்ணீரில் குளிர்ந்த இயந்திரம். 1985-இன் கிரே-2 இன்னும் ஒரு படி மேலே போய், மின்சாரம் கடத்தாத ஃபுளோரினெர்ட் என்ற திரவத்துக்குள் போர்டுகளையே முக்கி வைத்தது. பெரிய இயந்திரங்களுக்கு இது பழைய வழக்கம் என்று அவரிடம் சொல்லலாம். 2004-இல் ஆப்பிள் தன் பவர் மேக் ஜி5-இல் திரவக் குளிர்விப்பைக் கொண்டுவந்தது, அவற்றில் சில இயந்திரங்கள் வருடங்கள் கழித்துக் கசிந்து உள்ளே அரித்தன. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவருடைய பயத்துக்கு ஆதாரம் உண்டு. கசியும் என்று எதிர்பார்த்து, கசிந்தாலும் கெடாத நேரத்தில் அதைக் கண்டுபிடித்துவிடுவதுதான் இந்த வேலையின் சூட்சுமம்.

என் முதல் அமைப்பில் அது நடந்தது. எல்லாவற்றையும் முறுக்கி முடித்து, ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்து, மதர்போர்டுக்கும் கார்டுக்கும் மின்சாரம் போகாமல் பம்ப்பை மட்டும் ஓடவிட்டேன். பவர் சப்ளையின் 24 பின் முனையில் செருக அதற்கென்றே ஒரு சின்ன பிளக் கிடைக்கும். இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. படுக்கப் போகுமுன் டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல் ரேடியேட்டர் மூட்டுக்குக் கீழே டிஷ்யூவில் கடுகளவு ஈரம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நாலணாக் காசு அளவுக்கு விரிந்தது. கழற்றினால், மூட்டை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் ஓரிடத்தில் பள்ளத்தை விட்டு வெளியே பிதுங்கி, மரைக்கு நடுவில் நசுங்கிக் கிடந்தது. புதிய ஓ-ரிங், விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி, கையாலேயே முறுக்கினேன். அதோடு நின்றது. மின்சாரம் இல்லாததால் நனைந்த கார்டைத் துடைத்து, இரண்டு நாள் உலரவிட்டு மாட்டினேன். இன்றுவரை அது வேலை செய்கிறது.

இப்போது காற்றழுத்த டெஸ்டர் கிடைக்கிறது. தண்ணீர் ஊற்றுமுன் கைப்பம்ப்பால் அரை பார் அழுத்தம் ஏற்றி அரைமணி நேரம் விடுங்கள். முள் இறங்கவில்லையென்றால் ஊற்றலாம். சைக்கிள் டியூபை வாளியில் அமுக்கிக் குமிழி பார்த்தவர்கள்தானே நாம், அதே யுக்திதான். அதற்குப் பிறகும் ஒரு ராத்திரி பம்ப்பை மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

இந்த வேலையில் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வையுங்கள் என்பது என் கெஞ்சல். ஏர் லாக் என்றால் என்ன, பம்ப்பைக் காய விட்டு ஓட்டினால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர்த் தொட்டி பம்ப்புக்கு மேலே இருக்கவேண்டும், கேஸை இப்படியும் அப்படியும் சாய்த்துக் காற்றை வெளியேற்ற வேண்டும் என்று நான் எழுதுவதைவிட அவர் கை அதைச் சரியாகச் செய்யும். இரண்டே இடத்தில் அவருடைய பழக்கம் இங்கே பொருந்தாது. மூட்டு மரையில் டெஃப்லான் டேப் சுற்றப் பார்ப்பார், விடாதீர்கள். இங்கே இருப்பது நேர் மரை, அடைப்பது ஓ-ரிங் மட்டும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் மூட்டு ஏறும் அக்ரிலிக் பிளாஸ்டிக் வெடித்துவிடும். அடுத்தது, ஹெட் எவ்வளவு, அதாவது எத்தனை உயரம் தண்ணீரைத் தூக்கும் என்று கேட்பார். இந்த வேலைக்குப் பலரும் போடும் டி5 பம்ப்புக்கு சுமார் 4 மீட்டர் என்றால் சிரிக்கக்கூடும். மூடிய சுற்று என்பதால் ஏறும் தண்ணீரை இறங்கும் தண்ணீரே ஈடுகட்டிவிடும், உராய்வை மட்டும் வென்றால் போதும் என்று சொல்லுங்கள். உடனே பிடித்துக்கொள்வார்.

சிறுவாணித் தண்ணீர் குடிக்க அமிர்தம். இதில் ஊற்றாதீர்கள். எவ்வளவு மென்மையான தண்ணீரிலும் கரைந்த உப்பு கொஞ்சம் இருக்கும். பிளாக்குக்குள் செம்புத் தகடுகளின் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, அதில் எது படிந்தாலும் கெடுதல். டிஸ்டில்டு வாட்டரோடு அரிப்பையும் பாசியையும் தடுக்கும் கலவை, அல்லது கலந்தே வரும் நிறமற்ற கூலன்ட். நீல நிற ஆசையைக் கைவிடுங்கள் என்று சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அதிலும் பெயின்ட் மாதிரி மறைக்கும் பால்நிறத் திரவங்களில் மிதப்பது நுண்துகள், நாள்பட அது அடியில் தங்கும். நீலம் வேண்டுமென்றால் விளக்கில் கொண்டுவாருங்கள்.

உலோகத்தில் மட்டும் சமரசமே கூடாது. இதை நான் அனுபவித்துக் கற்றேன். இரண்டாவது அமைப்புக்கு ஒரு ரேடியேட்டர் மலிவாகக் கிடைத்தது. பெட்டியின் மேல் என்ன உலோகம் என்று எழுதவில்லை, விற்றவர் செம்பு என்றார், நம்பினேன். எட்டு மாதத்தில் கார்டு சூடேறத் தொடங்கியது. பிளாக்கைத் திறந்தபோது உள்ளே சாம்பல் நிறத்தில், ஆறிப்போன கஞ்சி மாதிரி ஒன்று தகடுகளுக்கு இடையில் அப்பியிருந்தது. ரேடியேட்டர் அலுமினியம். செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நின்றால் அது ஒரு பேட்டரி, அதில் கரைவது அலுமினியம். பழைய பல் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு ஓர் ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்தேன். பிளாக் பிழைத்தது, ரேடியேட்டரைத் தூக்கிப்போட்டேன். செம்பு, பித்தளை, அவற்றின் மேல் நிக்கல் பூச்சு, உலோகத்தில் இவற்றோடு நில்லுங்கள், அலுமினியத்தைத் தண்ணீர் தொடவே கூடாது.

வெயில் தாங்குமா என்றால், தாங்கும், ஆனால் அறைச் சூட்டுக்குக் கீழே தண்ணீர் ஒருபோதும் இறங்காது. சாதாரணமாக அதைவிட 10 டிகிரி மேலே நிற்கும். மே மாதத்தில் அறை 37 என்றால் தண்ணீர் 47. டி5 பம்ப்புக்கு மேல் எல்லை 60 டிகிரி, ஆகவே பம்ப்புக்குப் பயமில்லை. வளைத்த பெட்ஜி (PETG) பிளாஸ்டிக் குழாயை நம் ஊர்க் கோடையில் நான் நம்பமாட்டேன். சுமார் 80 டிகிரியில் இளகும் பொருள் அது, மின்சாரம் போய்வந்து பம்ப் மட்டும் நின்றுவிட்டால் பிளாக் பக்கத்துத் தண்ணீர் எவ்வளவு தூரம் ஏறும் என்று சொல்ல முடியாது. கெட்டிக் குழாய்தான் வேண்டுமென்றால் அக்ரிலிக். முதல் முறைக்கு என் தேர்வு கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் குழாய். பார்க்க அழகில்லை. தெளிந்த பிவிசி குழாய் மாதிரி அதிலிருந்து பிளாஸ்டிசைசர் (குழாயை வளைய வைக்கச் சேர்க்கும் பொருள்) கசிந்து பிளாக்கை அடைக்காது.

சுற்றின் மிகத் தாழ்ந்த இடத்தில் ‘T’ வடிவ மூட்டு ஒன்று, அதில் தண்ணீரைத் திறந்துவிட ஒரு பால் (ball) வால்வ். இதை முதலில் வரைந்துவிட்டு மற்றதை வரையுங்கள். வருடம் ஒருமுறை தண்ணீரை இறக்கும்போது கேஸைத் தலைகீழாகத் தூக்கிப் பிடிக்கும் நிலை வரக்கூடாது. தண்ணீரின் வெப்பத்தைக் காட்ட ஒரு சென்சாரும் போடுங்கள். ஃபேன் வேகத்தைப் பிராசஸர் வெப்பத்தோடு இணைக்காமல் அதோடு இணையுங்கள். பிராசஸர் நொடிக்கு நொடி துள்ளும், ஃபேனும் கூடவே ஏறி இறங்கும். அம்மாவைத் தூங்கவிடாமல் செய்வது அந்த ஏற்ற இறக்கம்தான் என்று நினைக்கிறேன். தண்ணீர் நிதானமாகத்தான் ஏறும்.

அறைச் சூட்டுக்கு ஒரு வழி மிச்சம் இருக்கிறது. ஒன்பது ஃபேன் பொருத்தும் மோ-ரா மாதிரி ரேடியேட்டர்கள் கேஸுக்கு வெளியே வைப்பதற்கென்றே வருகின்றன. இரண்டு 360-க்குப் பதில் அது ஒன்றை வாங்கி அறைக்கு வெளியே, மழையும் நேர் வெயிலும் படாத இடத்தில் மாட்டினால், அந்த 550 வாட்டும் வெளியே போய்விடும். சுவரைத் தாண்டும் இடத்தில் சொட்டாமல் கழற்றும் குவிக் கப்ளிங் இரண்டு ஜோடி வேண்டும். 10/16 குழாய் (உள் விட்டம் 10, வெளி விட்டம் 16 மி.மீ.) இரண்டு நுழைய 40 மி.மீ. துளை போதும். உங்கள் அறைக்கு மொட்டைமாடிப் பக்கம் கூரை போட்ட நடை இருக்கிறதா, சுவர் எத்தனை இஞ்ச், கம்ப்யூட்டரிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுங்கள். துளை போடுவதற்கு முன் எழுதுங்கள்.

அன்புடன்.