பூந்தொட்டியில் புதைத்த எலும்பு கல்லாகுமா?

கேள்வி: அரும்பொருளகத்தில் டைனோசர்களைப் பார்த்துவிட்டு வந்த என் மகன், வீட்டு வாசல் பூந்தொட்டியில் கோழி எலும்பைப் புதைத்திருக்கிறான். "எப்போம்மா கல்லாகும்?" என்று தினமும் நச்சரிக்கிறான். சிங்கப்பூரில் புதைபடிவம் கிடைக்குமா?
- ஜூரோங் வெஸ்ட் வாசகி

பதில்: அந்தத் தொட்டியில் எத்தனை ஆயிரம் ஆண்டு கிடந்தாலும் ஆகாது. செடி மண்ணில் காற்று தாராளமாகப் புகும். பாக்டீரியாவும் பூஞ்சையும் எலும்பை அரித்துவிடும். மண்ணில் அமிலத்தன்மை இருந்தால் எலும்பில் உள்ள கால்சியம் பாஸ்பேட் என்ற தாது கரையும்; ஊற்றும் தண்ணீர் அதையும் அடித்துக்கொண்டு போய்விடும்.

எலும்பு கல்லாகுமா என்பது பெரும்பாலும் ஆரம்பத்திலேயே முடிவாகிவிடுகிறது. மற்ற விலங்குகள் குதறுவதற்குள், ஆற்று வண்டலோ ஏரிச் சேறோ எரிமலைச் சாம்பலோ உடலை மூடிவிட வேண்டும். நுண்ணிய வண்டல் ஆக்சிஜனைத் தடுக்கும். சதை அழுகிப் போனாலும் எலும்பு, பல், ஓடு தங்கும். அப்புறம் நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் சிலிக்கா, கால்சைட் போன்ற தாதுக்கள் எலும்பின் நுண்துளைகளில் படியும். மேலே மேலே வண்டல் சேர்ந்து, அழுத்தத்தில் பாறையாகும். அந்தப் பாறை பூமிக்கடியில் உருகாமல் தப்பி, அரிப்பால் மறுபடி மேலே வந்தால்தான் நம் கண்ணில் படும். இறந்த உயிர்களில் மிகமிகச் சொற்பமானவற்றுக்கே இந்த வாய்ப்பு.

லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் உள்ள மூன்று டைனோசர்களும் அமெரிக்காவின் வயோமிங்கில் கிடைத்தவை. சுமார் 150 மில்லியன் ஆண்டுக்கு முந்திய ஆற்றுவெளி வண்டல் அவற்றைக் காத்தது.

சரி, நம் தீவு? புக்கிட் தீமா கருங்கல், ஆழத்தில் பாறைக்குழம்பு உறைந்து உருவானது. அதில் தேடிப் பயனில்லை. ஆனால் உங்கள் ஜூரோங் வட்டாரத்தின் அடியில் வண்டல் படிந்து உருவான பழம்பாறை இருக்கிறது! அந்தப் பாறைத் தொகுதியில் கடல் உயிரிகளின் படிவங்கள் கிடைத்திருக்கின்றன. காலாங் பக்கம் அடித்தளம் தோண்டும்போது வரும் கடற்களிமண்ணிலும் சிப்பி ஓடுகள் உண்டு. அவை பெரும்பாலும் சில ஆயிரம் ஆண்டு வயதுதான், கல்லாகவில்லை.

இயற்கை வனப்பகுதிகளில் அனுமதியின்றி எதையும் பெயர்த்தெடுக்கக் கூடாது. லாப்ரடார் வனப்பகுதியின் பாறைகளைப் படம் பிடித்தால் போதும்.

தொட்டி எலும்பை எடுத்துவிடுங்கள், எறும்பும் எலியும் வரும். அதற்குப் பதில் களிமண்ணில் ஒரு மட்டி ஓட்டை அழுத்தி எடுத்து, அந்தக் குழியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைசலை ஊற்றச் சொல்லுங்கள். நன்றாக இறுகிய பிறகு பெயர்த்துப் பார்க்கட்டும். ஓடு கரைந்துபோன பாறைக்குழியில் தாதுக்கள் நிரம்பி ஓட்டின் அச்சு உருவாவதும் இதே முறையில்தான்.