காற்றில் வெறும் 0.04% உள்ள கரியமில வாயு பூமியைச் சூடாக்குமா?

கேள்வி: காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம்தான் இருக்கிறது. இவ்வளவு சின்ன அளவு பூமியையே சூடாக்குகிறது என்பதை எப்படி நம்புவது? அது கூடியது மனிதரால்தான் என்று எப்படித் தெரியும்? இன்றே நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

மன்னார் வளைகுடாக் கரையில் ஒரு பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். இந்த 0.04 சதவீதக் கேள்வி எங்கள் வகுப்பிலும் வரும், டீக்கடையிலும் வரும். கேட்பது நியாயம்தான். எண்ணும் சரியான எண்தான். ஆனால் அந்த எண் எதோடு எதை ஒப்பிடுகிறது என்று பார்க்க வேண்டும்.

உலர்ந்த காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன், 0.93 சதவீதம் ஆர்கான். மூன்றையும் கூட்டினால் கிட்டத்தட்ட 99.9 சதவீதம் வந்துவிடும். தரையிலிருந்து மேலே போகும் வெப்பக் கதிரை, அதாவது அகச்சிவப்புக் கதிரை, இந்த மூன்றும் ஏறக்குறையத் தடுப்பதே இல்லை. வெப்பக் கணக்கில் இவை இருந்தும் இல்லாதது மாதிரிதான். ஆகவே கரியமில வாயுவை மொத்தக் காற்றோடு வகுத்துச் சதவீதம் போட்டால், அது செய்யும் வேலைக்கும் அந்த விடைக்கும் சம்பந்தம் இருக்காது. வெப்பக் கதிர் தன் வழியில் எத்தனை கரியமில வாயு மூலக்கூறைச் சந்திக்கிறது என்பதே கேட்க வேண்டியது.

அதைக் கணக்குப் போடலாம். தலைக்கு மேலே உள்ள கரியமில வாயுவை மட்டும் பிரித்தெடுத்து, தரைமட்ட அழுத்தத்தில் ஒரே படலமாகப் பரப்பினால் மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். ஒரு வீட்டின் சுவர் உயரம். ஓசோனை இதே மாதிரி பரப்பினால் மூன்று மில்லிமீட்டர்தான் தேறும். அந்த மூன்று மில்லிமீட்டர்தான் சூரியனின் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்து நம் தோலையும் கண்ணையும் காக்கிறது. ஓசோனைப் பார்த்து யாரும் "இவ்வளவு கொஞ்சமா" என்று கேட்பதில்லை.

இது நேற்று வந்த கருத்தும் இல்லை. 1856இல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு இருந்த குழாய்தான் மிக அதிகமாகச் சூடானது. நிழலுக்கு எடுத்து வந்த பிறகும் அது ஆற நெடுநேரம் பிடித்தது. 1859இல் லண்டனில் ஜான் டிண்டால் ஒரு நீண்ட பித்தளைக் குழாயின் இரு முனையையும் பாறை உப்புத் தகட்டால் மூடி, உள்ளே வாயுவை நிரப்பி, ஒரு பக்கமிருந்து வெப்பக் கதிரை அனுப்பி, மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று அளந்தார். கண்ணாடி வெப்பக் கதிரைத் தடுக்கும், பாறை உப்பு தடுக்காது. அதனால்தான் அந்த ஏற்பாடு. நைட்ரஜனும் ஆக்சிஜனும் கதிரை அப்படியே விட்டன. நீராவியும் கரியமில வாயுவும் மறித்தன. என்னைக் கேட்டால் இது ஒவ்வொரு பள்ளிப் பாடப் புத்தகத்திலும் இருக்க வேண்டிய சோதனை.

காரணம் மூலக்கூறின் அமைப்பில் இருக்கிறது. நைட்ரஜனிலும் ஆக்சிஜனிலும் ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள். அவை எப்படி அதிர்ந்தாலும் மின்னூட்டம் ஒரு பக்கமாகச் சாயாது, அதனால் அகச்சிவப்புக் கதிருக்கு அங்கே பிடி கிடைக்காது. கரியமில வாயுவில் மூன்று அணுக்கள். அது வளைந்து நெளியும்போது மின்னூட்டச் சமநிலை குலைகிறது. அந்த நெளிவுக்குப் பொருத்தமான அலைநீளம் சுமார் 15 மைக்ரோமீட்டர். பூமி தன் வெப்பத்தை அதிகமாக வெளிவிடும் வட்டாரமும் அதை ஒட்டியே இருக்கிறது.

சரி, கதிரை மறித்தால் சூடு ஏன் ஏற வேண்டும்? நம் ஊர் ஏரியில் உபரி நீர் வழிந்தோடும் கலிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்து ஒரே அளவில் இருக்கிறது, கலிங்கு வழியாக அதே அளவு தண்ணீர் வெளியேறுகிறது, நீர்மட்டம் அசையாமல் நிற்கிறது. யாரோ கலிங்கின் மேல் ஒரு வரிசைக் கல் வைக்கிறார்கள். வரத்து கூடவில்லை. ஆனாலும் வெளியேற்றம் பழைய அளவுக்குத் திரும்பும்வரை நீர்மட்டம் ஏறும். அந்தக் கல் ஏரியின் மொத்தத் தண்ணீரில் எத்தனை சதவீதம் என்று யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள். சூரியனிலிருந்து வரும் வெப்பம்தான் வரத்து, விண்வெளிக்குத் திரும்பும் வெப்பக் கதிர்தான் வெளியேற்றம். வளிமண்டலத்தில் இந்த வாயுக்களே இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்திருக்கும். இப்போது சுமார் 15 டிகிரி. உயிர் பிழைத்திருப்பதே இந்த வாயுக்களின் தயவில்தான், அதை மறுக்கவில்லை. கலிங்கின் உயரத்தை நாம் வேகமாகக் கூட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் சிக்கல்.

விவரம் தெரிந்தவர்கள் அடுத்து ஒன்று கேட்பார்கள்: "அந்த அலைநீளத்தில் இருக்கும் வாயுவே எல்லாவற்றையும் உறிஞ்சிவிடுகிறதே, இன்னும் சேர்த்தால் என்ன ஆகிவிடும்?" 1900இல் நூட் ஆங்ஸ்ட்ராம் என்ற ஸ்வீடன் அறிவியலாளரே இதைக் கிளப்பினார். வளிமண்டலத்தை ஒரே பலகையாக நினைத்ததால் வந்த சந்தேகம் இது. உண்மையில் அது பல அடுக்கு. கீழ் அடுக்கு உறிஞ்சியதை மீண்டும் வெளிவிடுகிறது, அதை மேல் அடுக்கு வாங்குகிறது, இப்படியே போய், வாயு போதிய அளவு மெலிந்த ஓர் உயரத்திலிருந்துதான் கதிர் விண்வெளிக்குத் தப்புகிறது. கரியமில வாயு கூடினால் அந்த உயரம் இன்னும் மேலே போகும். மேலே போகப் போகக் குளிர். குளிர்ந்த இடம் குறைவாகவே கதிரை வெளிவிடும். வெளியேற்றம் குறைகிறது, கீழே சூடு ஏறுகிறது.

இதை நேரில் அளந்தும் பார்த்துவிட்டார்கள். 1970இல் நிம்பஸ்-4 செயற்கைக்கோள் பூமியிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரை அலைநீளம் வாரியாகப் பதிவு செய்தது. 1997இல் ஜப்பானிய செயற்கைக்கோள் ஒன்று எடுத்த பதிவோடு அதை ஒப்பிட்டபோது, கரியமில வாயுவும் மீத்தேனும் மறிக்கும் அலைநீளங்களில்தான் வெளியேறும் கதிர் குறைந்திருந்தது. அலைநீளம் வரை பொருந்துகிற சான்று இது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இனி, மனிதரால்தான் கூடியதா என்ற இரண்டாம் கேள்வி. இதற்கு முதலில் கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயு, சிமென்ட் ஆகியவற்றிலிருந்து மட்டும் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயு வெளிவருகிறது. வளிமண்டலத்தில் அதன் அளவு பத்து லட்சத்தில் ஒரு பங்கு உயர 780 கோடி டன் போதும். அப்படியென்றால் ஆண்டுக்கு நாலரைப் பங்குக்கு மேல் உயர வேண்டும். உயர்வது சராசரியாக இரண்டரைப் பங்குதான். மீதி எங்கே? கடலும் காடும் மண்ணும் வாங்கிக்கொள்கின்றன. இயற்கை மொத்தத்தில் நாம் விடுவதைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. வாங்கிக்கொள்கிறவரே கொடுத்தவராகவும் இருக்க முடியாது. எரிமலைகளும் கரியமில வாயுவை விடுகின்றன, உண்மைதான். ஆனால் அது நாம் விடுவதில் ஒரு சதவீதம் அளவுக்குத்தான்.

அடையாளமும் இருக்கிறது. கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 சில பத்தாயிரம் ஆண்டுகளில் சிதைந்துவிடும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியில் அது மிஞ்சியிருக்காது. அந்த நிலக்கரியை எரித்துக் காற்றில் கலந்தால் காற்றிலுள்ள கார்பன்-14இன் விகிதம் குறைய வேண்டும். குறைந்திருப்பதை 1950களிலேயே ஹான்ஸ் சூஸ் மரங்களின் ஆண்டு வளையங்களில் கண்டுபிடித்தார். எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும் இல்லையா? காற்றின் ஆக்சிஜன் அளவும் மிக நுண்ணிய அளவில் ஆண்டுதோறும் இறங்கி வருகிறது. மூச்சு முட்டும் அளவுக்கு இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் எரிமலையிலிருந்தோ கடலிலிருந்தோ வந்த வாயுவாக இருந்தால் இந்த இறக்கம் இருந்திருக்காது.

ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958இல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அண்டார்டிகாவில் துளையிட்டு எடுத்த பனிக்கட்டித் தூண்களில் பழைய காற்று குமிழாகச் சிக்கியிருக்கிறது. அதில் எட்டு லட்சம் ஆண்டுக் கணக்கு கிடைக்கிறது. அந்தக் காலம் முழுவதும் சுமார் 180க்கும் 300க்கும் இடையிலேயே ஏறி இறங்கியிருக்கிறது. பனியுக முடிவில் 100 பங்கு ஏற ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. "முன்பும் மாறியதுதானே" என்பவர்களுக்கு இந்த வேகத்தைத்தான் காட்ட வேண்டும்.

சூரியனே சூடாகியிருந்தால்? அப்போது வளிமண்டலம் கீழிருந்து மேல்வரை சூடாகியிருக்க வேண்டும். நடந்தது வேறு. கீழே சூடு ஏறியிருக்கிறது, ஓசோன் இருக்கும் அடுக்கு மண்டலம் குளிர்ந்திருக்கிறது. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் ஆகும் என்று சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் 1967இலேயே கணக்கிட்டுச் சொல்லியிருந்தார்கள். மனாபேவுக்கு 2021இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பின்னால் ஓசோன் குறைந்ததற்கும் அந்தக் குளிர்ச்சியில் பங்கு உண்டு, ஆனால் ஓசோன் மெலிந்த உயரத்துக்கும் மேலே காணும் குளிர்ச்சிக்கு அது மட்டும் விளக்கமாகாது.

நீராவிதான் பெரிய வெப்பக் காப்பான் என்ற வாதமும் உண்டு. ஆம், பெரியதுதான். ஆனால் நீராவி பத்து நாளுக்குள் மழையாகிவிடும். காற்று எவ்வளவு சூடோ அவ்வளவு நீராவியைத்தான் அது தாங்கும். ஒரு டிகிரிக்குச் சுமார் 7 சதவீதம் கூடுதலாக. கரியமில வாயு முதலில் சூட்டை ஏற்ற, நீராவி அதைப் பெருக்குகிறது.

கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள் போகிறது. இதைத்தான் நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அது எங்கள் கடல்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். எங்கள் பக்கத்து மீனவர்கள் பவளப்பாறையை "பார்" என்பார்கள். விளைமீன், களவா, கிளிமீன் எல்லாம் பாரை நம்பி வாழ்பவை. பவளம் ஒரு விலங்கு. அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலில் உணவு தயாரித்துத் தருகிறது, நிறத்தையும் தருகிறது. தண்ணீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நீடித்தால் போதும், பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். நிறம் போய் எலும்பு மாதிரி வெளுத்துவிடும். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும், இல்லையென்றால் பவளம் பட்டினியில் சாகும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இது பெரிய அளவில் நடந்தது. செத்த பாரின் மேல் வேறு பாசி படர்ந்துவிட்டால் புதுப் பவளம் ஒட்டுவதும் கஷ்டம்.

சூடு மட்டும் இல்லை. கரியமில வாயு கடல்நீரில் கரைந்து கார்போனிக் அமிலமாகிறது. தொழிற்புரட்சிக்கு முன் 8.2 அளவில் இருந்த கடலின் அமில-கார எண் (pH) இப்போது 8.1. பார்க்கச் சின்ன வித்தியாசம், ஆனால் அது மடக்கை அளவு. அமிலத்தன்மையைத் தரும் ஹைட்ரஜன் அயனி கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடியிருக்கிறது என்று பொருள். சுண்ணாம்பால் கூடு கட்டும் பவளத்துக்கும் சிப்பிக்கும் அந்தக் கட்டுமானம் கடினமாகிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் பருவநிலை மாற்றத்தின் தலையில் போடக்கூடாது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இங்கே முழுகிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பல காலம் பவளத்தை வெட்டியெடுத்து, அலையைத் தடுத்த அரணையே அழித்ததற்கு அதில் பெரும்பங்கு. சென்னையில் வெள்ளம் தேங்குவதற்கு ஏரியில் வீடு கட்டியதும் காரணம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அந்த ஒரு மழையை மட்டும் வைத்து நான் எதையும் நிரூபிக்க மாட்டேன். ஆனால் சூடான கடலுக்கு மேலே கூடுதல் நீராவியைத் தாங்கும் காற்று என்ன செய்யும் என்பது மேலே சொன்ன 7 சதவீதக் கணக்கிலேயே இருக்கிறது. வெட்டிய பாரையும் தூர்ந்த ஏரியையும் அந்தக் கூடுதல் மழையும் சூடும் இன்னும் மோசமாகத் தாக்கும்.

கடைசிக் கேள்வி: இன்றே நிறுத்தினால் சரியாகிவிடுமா? பழைய நிலைக்குத் திரும்பாது. ஆனால் நிற்கும். உலக அளவில் கரியமில வாயு வெளியேற்றம் நிகரப் பூஜ்யத்துக்கு, அதாவது நாம் விடும் அளவும் காற்றிலிருந்து நாம் திரும்ப எடுக்கும் அளவும் சமமாகும் நிலைக்கு வந்தால் சராசரி வெப்பநிலை அதற்குமேல் பெரிதாக ஏறாமல் ஏறக்குறைய அந்த இடத்திலேயே நிலைக்கும் என்பதுதான் இன்றைய அறிவியல் கணிப்பு. இறங்குவதற்கு மிக நீண்ட காலம் ஆகும், ஏனென்றால் விட்ட வாயுவில் ஒரு பங்கு ஆயிரம் ஆண்டு தாண்டியும் காற்றில் தங்கும். கடல்மட்டம் அதற்குப் பிறகும் நூற்றாண்டுக் கணக்கில் ஏறும். ஆழ்கடல் மெதுவாகத்தான் சூடேறி விரியும், பனிப்படலமும் மெதுவாகத்தான் உருகும்.

"இனி என்ன செய்து என்ன" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. ஒவ்வொரு டன்னும் கணக்கில் சேர்கிறது, ஆகவே விடாத ஒவ்வொரு டன்னும் கணக்கில் வருகிறது. 2024ஆம் ஆண்டு 1850-1900 சராசரியைவிடச் சுமார் 1.55 டிகிரி கூடுதலாக இருந்தது. நீண்ட காலச் சராசரி இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2018இல் தந்த மதிப்பீட்டின்படி 1.5 டிகிரியில் உலகின் வெப்பமண்டலப் பவளப்பாறைகளில் 70 முதல் 90 சதவீதம் அழியும், 2 டிகிரியில் 99 சதவீதத்துக்கு மேல். இரண்டும் கொடுமைதான். ஆனால் நூற்றில் பத்தோ முப்பதோ மிஞ்சினால் அதிலிருந்து எங்கள் பார் மறுபடி தழைக்க வழி உண்டு. ஒன்றுகூட மிஞ்சாவிட்டால் இல்லை. அரை டிகிரிதான் இரண்டுக்கும் நடுவே இருக்கிறது.