பெயரை மறந்த அம்மாவுக்குப் பாட்டு மட்டும் மறக்காதது ஏன்?

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. மூன்று வருடங்களாக மறதி. அல்சைமர் என்று நரம்பியல் மருத்துவர் சொன்னார், மாத்திரை கொடுத்துவருகிறோம். சாப்பிட்டுக் கை கழுவியதுமே "எனக்கு யாரும் சோறு போடலை" என்பார். என்னையே "நீங்க எந்த ஊரும்மா?" என்று கேட்கிறார். போன மாதம் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். ஸ்பீக்கரில் பழைய சினிமாப் பாட்டு ஒன்று போட்டார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா பல்லவியில் தொடங்கிக் கடைசிச் சரணம் வரை ஒரு வார்த்தை பிசகாமல் பாடினார். நடுவில் புல்லாங்குழல் வரும் இடத்தில் நிறுத்தி, அது முடிந்ததும் சரியாகச் சேர்ந்துகொண்டார். கண்ணில் தண்ணீர். பக்கத்தில் இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டார். நினைவு திரும்புகிறதா டாக்டர்? அந்த நேரத்திலாவது என்னை அடையாளம் தெரிந்திருக்குமா? வீட்டில் தினமும் பக்திப் பாடல்கள் போடுகிறேன், அதற்கு அவர் அசைவதே இல்லை. இன்னொன்று, எனக்கு 49 வயது. பள்ளிக்கூட நாட்களில் கேட்ட சில பாட்டுகளைக் கேட்டால் எனக்கும் அழுகை வந்துவிடுகிறது. இது மனச்சோர்வா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நினைவு திரும்புகிறதா என்ற கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். இல்லை. பாட்டைக் கேட்டு அல்சைமர் பின்வாங்குவதில்லை. மறுநாள் காலையில் அம்மா மறுபடியும் உங்களை எந்த ஊர் என்று கேட்டிருப்பார். இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் பொய்யான நம்பிக்கையோடு நீங்கள் தினமும் காத்திருக்கக் கூடாது. அதே சமயம், அன்றைக்குத் திண்ணையில் நீங்கள் பார்த்தது உங்கள் அம்மாவிடம் இன்னும் பத்திரமாக இருக்கும் ஒரு பகுதி. அதை எப்படிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பார்ப்போம்.

நம் நினைவு முழுவதும் மூளையில் ஒரே இடத்தில் இருப்பதில்லை. காலையில் என்ன சாப்பிட்டோம், நேற்று யார் வந்தார்கள் என்பதெல்லாம் பதிவதற்கு ஹிப்போகாம்பஸ் என்ற சின்னப் பகுதி வேண்டும். காதுக்கு நேர் உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. அல்சைமர் பெரும்பாலும் முதலில் கைவைப்பது அங்கேதான். அதனால்தான் சாப்பிட்ட விஷயம் ஒட்டவில்லை.

பாட்டு மனதுக்குள் போன வழியே வேறு. அதே பாட்டை அம்மா நூறு தடவை கேட்டிருப்பார். துணி துவைக்கும்போது முணுமுணுத்திருப்பார், தோழிகளோடு சேர்ந்து பாடியிருப்பார். மெட்டு, தாளம், வார்த்தை மூன்றும் ஒன்றை ஒன்று கைபிடித்து இழுத்துவரும் அளவுக்கு ஊறிப்போயிருக்கிறது. பூத் தொடுக்கத் தெரிந்தவருக்குக் கை தானாகப் போவதுபோல, இதில் வாய் தானாகப் போகிறது. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2015-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நெடுநாள் பழகிய பாட்டைக் கேட்கும்போது வேலை செய்யும் இடங்கள் மூளையின் முன்பக்கம், நடுக்கோட்டை ஒட்டி, உடல் அசைவைத் திட்டமிடும் பகுதியில் இருக்கின்றன என்று கண்டார்கள். அல்சைமர் நோயாளிகளின் மூளைப் படங்களைப் பார்த்தபோது, அந்த இடங்கள் மற்ற இடங்கள் அளவுக்குச் சுருங்கியிருக்கவில்லை. உங்கள் அம்மா புல்லாங்குழலுக்கு இடம் விட்டு நிறுத்தினாரே, அடுத்து என்ன வரும் என்று அந்தப் பகுதிக்கு இன்னும் தெரிகிறது.

இங்கிலாந்தில் கிளைவ் வேரிங் என்ற இசைக் கலைஞருக்கு 1985-ல் ஹெர்பீஸ் வைரஸால் மூளைக் காய்ச்சல் வந்தது. ஹிப்போகாம்பஸ் இரண்டு பக்கமும் அழிந்துபோனது. சில விநாடிகளுக்கு முன்னால் நடந்ததுகூட அவருக்கு நினைவில் நிற்காது. மனைவி அறையை விட்டு வெளியே போய் உடனே திரும்பி வந்தாலும், பல வருடம் கழித்துப் பார்ப்பதுபோலக் கட்டிக்கொள்வார். அப்படிப்பட்டவர் பியானோ முன்னால் உட்கார்ந்தால் பழைய இசையை வாசித்தார், பாடகர் குழுவை வழிநடத்தினார். அவருடைய நோய் வேறு, உங்கள் அம்மாவின் நோய் வேறு. ஆனால் நிகழ்ச்சிகளின் நினைவு போன பிறகும் இசை தங்கும் என்பதை மருத்துவ உலகம் அவரிடம் கண்கூடாகப் பார்த்தது.

சரி, அழுகை ஏன்? காதில் விழும் ஒலி, ஒலியைப் புரிந்துகொள்ளும் பகுதியோடு நின்றுவிடுவதில்லை. உணர்ச்சியைக் கிளப்பும் அமிக்டலாவுக்கும் போகிறது. அது ஹிப்போகாம்பஸுக்குப் பக்கத்து வீடு. இதோடு டோபமைன் என்ற ரசாயனமும் சேர்கிறது. பசித்தவனுக்குச் சாப்பாடு கிடைக்கும்போது மூளையில் சுரக்கும் அதே பொருள்தான், மிகவும் பிடித்த இசையைக் கேட்டுப் புல்லரிக்கும்போதும் சுரக்கிறது என்று கனடாவின் மான்ட்ரியல் நகர ஆய்வாளர்கள் 2011-ல் காட்டினார்கள். உச்சமான அந்த இடம் வருவதற்குச் சற்று முன்பே, 'இதோ வரப்போகிறது' என்ற எதிர்பார்ப்பிலேயே அது சுரக்கத் தொடங்குகிறது. தெரிந்த பாட்டு புதுப் பாட்டைவிட ஆழமாகத் தொடுவதற்கு இது ஒரு காரணம். ஆகவே கண்ணில் தண்ணீர் வந்தது என்பதற்காக அம்மா வேதனைப்பட்டார் என்று நினைக்க வேண்டாம். முகத்தைப் பாருங்கள். முகம் தளர்ந்து, உடம்பு அமைதியாக இருந்தால் அந்தக் கண்ணீரை விட்டுவிடலாம்.

அடுத்து, பக்திப் பாட்டுக்கு ஏன் அசையவில்லை என்பது. இதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரி.

வயதானவர் என்றால் பக்திப் பாட்டுதான் என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம். மூளை அப்படி முடிவு கட்டுவதில்லை. வாழ்க்கை முழுவதையும் திரும்பிப் பார்க்கச் சொன்னால், மனிதர்களுக்குச் சுமார் 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவைதான் அதிகமாக நினைவுக்கு வரும். பாட்டு விஷயத்தில் இது இன்னும் முன்னால், பதின்வயதுப் பக்கம் சாய்கிறது. அந்த வயதில்தான் உணர்ச்சிகள் கொந்தளிக்கின்றன, நான் யார் என்ற எண்ணம் உருவாகிறது, பல விஷயங்கள் முதன்முதலாக நடக்கின்றன. கூடவே ஓடிக்கொண்டிருந்த பாட்டு எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்கிறது. அமெரிக்காவில் பீட்டர் ஜனாட்டா என்ற விஞ்ஞானி இளைஞர்களுக்கு அவர்களுடைய சிறுவயதுப் பாடல்களைப் போட்டுக் காட்டி மூளையைப் படமெடுத்தார். 2009-ல் அது வெளியானது. நெற்றிக்குப் பின்னால், மூளையின் முன்மடல் நடுவில் ஒரு பகுதி, பாட்டையும் அதோடு ஒட்டிய சொந்த நினைவையும் உணர்ச்சியையும் ஒன்றாக முடிச்சுப் போடுகிறது என்று அவர் கண்டார். இந்த முன்பகுதியும் அல்சைமரில் கொஞ்சம் தாமதமாகப் பாதிக்கப்படும் இடம்தான்.

உங்கள் அம்மாவுக்கு 76 என்றால், அவருடைய பன்னிரண்டு முதல் இருபத்திரண்டு வயது வரை என்பது 1960-களின் தொடக்கத்திலிருந்து 70-களின் தொடக்கம் வரை. அந்தக் காலத்தில் டெல்டா பக்கம் வீட்டுக்கு வீடு ரேடியோ கிடையாது. பஞ்சாயத்து ரேடியோ, டீக்கடை ரேடியோ, கொஞ்சம் வசதியான வீட்டு ரேடியோ. இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும், காலையில் 'பொங்கும் பூம்புனல்' கேட்டு வளர்ந்தவர்கள் உங்கள் ஊரில் இன்றும் இருப்பார்கள். அம்மாவுக்கு அக்கா, தங்கை, பள்ளித்தோழி யாராவது இருந்தால் போனில் பேசிக் கேளுங்கள். "அம்மா கல்யாணத்துக்கு முன்னால் என்ன பாட்டு பாடிக்கொண்டிருப்பார்?" இந்த ஒரு கேள்வி போதும். நீங்கள் பிறப்பதற்கு முன்னால் இருந்த அம்மாவை அவர்களுக்குத்தான் தெரியும்.

என்னிடம் வந்த ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற லாரி டிரைவர், பேச்சு மிகவும் குறைந்துபோயிருந்தது. மகன் என்னென்னவோ பாட்டு போட்டுப் பார்த்துச் சலித்துவிட்டார். ஒருநாள் அவரோடு கிளீனராக இருந்த பழைய நண்பர் பார்க்க வந்திருக்கிறார். ராத்திரி வண்டியை ஓரம்கட்டி டீ குடிக்கும் கடையில் அடிக்கடி கேட்ட பாட்டு என்று ஒன்றைச் சொன்னார். காதல் பாட்டு. மகனுக்குச் சங்கடம். அடுத்த முறை வந்தபோது என் அறையிலேயே அதைப் போட்டுக் காட்டினார். பெரியவர் நிமிரவில்லை, சிரிக்கவில்லை. ஆனால் மடியில் கிடந்த வலது கை எழுந்து, மேஜையில் இருந்த எவர்சில்வர் டம்ளரில் விரலால் தாளம் போட்டது. பாட்டு முடிந்து கொஞ்ச நேரம் கழித்து "டீ சூடா இல்லை" என்றார். அந்த வாரத்தில் அவர் பேசிய முதல் வாக்கியம் அது என்று மகன் சொன்னார்.

ஆகவே பக்திப் பாட்டைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். அம்மா இளவயதில் கோயில் பஜனையில் பாடியவர் என்றால் அது வேறு விஷயம், அந்தப் பாடல்களையே தேடுங்கள். இல்லையென்றால் அன்று கல்யாண வீட்டில் கேட்ட பாட்டிலிருந்து தொடங்குங்கள். பத்துப் பாட்டு சேர்ந்தால் போதும். ஒரு நோட்டில் எழுதி, எதற்கு முகம் மலர்கிறது, எதற்குப் புருவம் சுருங்குகிறது என்று பக்கத்தில் குறித்துவாருங்கள். செல்போனில் போடும்போது நடுவில் விளம்பரம் குதித்து வந்து கத்தினால் மறதி நோயாளிகள் மிரண்டுபோவார்கள். பென்டிரைவில் ஏற்றிச் சின்ன ஸ்பீக்கரில் போடுவது நல்லது. அந்த நேரத்தில் டிவி ஓடக் கூடாது. ஹெட்போனைத் தலையில் மாட்டினால் பலருக்குப் பயம் வரும், அதைத் தவிர்த்துவிடுங்கள். அப்புறம், பாட்டுக்கு அசையவில்லை என்றால் காது சரியாகக் கேட்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். காதில் குறும்பி அடைத்துக்கொண்டு, வீட்டில் எல்லோரும் 'மறதி முற்றிவிட்டது' என்று நினைத்த நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன்.

எப்போது போடுவது? பொழுது சாயும் நேரத்தில் இந்த நோயாளிகள் பலர் பதற்றமாகி, "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பார்கள். அந்தப் பதற்றம் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னால் போட்டுவிடுங்கள். நாள் முழுக்க ஓடவிட்டால் அது வெறும் இரைச்சல். ஏதாவது ஒரு பாட்டுக்கு அம்மா கோபப்பட்டாலோ, எழுந்து போனாலோ, தேம்பி அழுதாலோ உடனே நிறுத்திவிடுங்கள். அந்தப் பாட்டோடு எந்தச் சாவு, எந்தப் பிரிவு ஒட்டியிருக்கிறதோ நமக்குத் தெரியாது. மாத்திரையை இதற்காக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

உங்கள் சொந்தக் கேள்விக்கு வருகிறேன். 49 வயதில் உங்கள் பாட்டுகள் கேசட் காலத்துப் பாட்டுகள். எந்தெந்தப் பாட்டு வேண்டும் என்று பேப்பரில் எழுதிக் கடையில் கொடுத்துவிட்டு, பதிவாகி வரக் காத்திருந்த தலைமுறை நீங்கள். அந்தப் பாட்டைக் கேட்டதும் அந்த வீடு, அந்தச் சிநேகிதி, இன்னும் திடமாக இருந்த உங்கள் அம்மா என்று எல்லாம் ஒன்றாக வந்துவிடுகிறது. பாட்டு முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்க முடிகிறது என்றால் அது நோய் இல்லை. ஆனால் பாட்டே இல்லாதபோதும் இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் மனம் கனத்திருந்தால், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், பிடித்த விஷயங்களில் ஈடுபாடு போயிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மாதவிடாய் நிற்கும் வயது இது, தைராய்டு பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. மூன்று வருடமாக மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்கிறீர்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் வாரத்தில் ஒரு நாளாவது அவர்கள் பொறுப்பில் விடுங்கள். பேச ஆள் வேண்டும் என்று தோன்றினால் அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கடைசியாக, நீங்கள் தயங்கிக் கேட்ட கேள்வி. அந்த நேரத்திலாவது உங்களைத் தெரிந்திருக்குமா? உங்கள் பெயரோ, மகள் என்பதோ அப்போது அவருக்கு வந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படக்காட்சிகளையும் சந்தோஷமான காட்சிகளையும் காட்டிப் பார்த்திருக்கிறார்கள். பார்த்த காட்சி சில நிமிடங்களிலேயே மறந்துபோனது. அது உண்டாக்கிய சோகமும் சந்தோஷமும் அதற்குப் பிறகும் அவர்களிடம் தங்கியிருந்தன. அதுபோல, பாட்டு கேட்டதை உங்கள் அம்மா மறந்தாலும் அதனால் வந்த நிம்மதி இன்னும் கொஞ்ச நேரம் அவருக்குள் இருக்கும். பக்கத்தில் இருக்கும் கை பயப்பட வேண்டாத கை என்று தோன்றியதால்தான் அதைப் பிடித்திருப்பார். குளிக்க வைப்பது, உடை மாற்றுவது என்று அவர் முரண்டு பிடிக்கும் வேலைகளைப் பாட்டு முடிந்த கையோடு, அந்தக் கையை விடாமல் ஆரம்பித்துப் பாருங்கள். அவர் பாடும்போது நீங்களும் கூடச் சேர்ந்து பாடுங்கள், சுருதி சேராவிட்டாலும் பரவாயில்லை.